புரட்டாசிக் கூரை

கீழ் வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஒரு வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தாள். "மிஸ், இந்த ஒண்ணுக்கு மட்டும் தப்பு போட்டுட்டாங்க. ஏன்னு நீங்களாவது சொல்லுங்க" என்று நீட்டினாள். நான் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகின்றன. கள்ளக்குறிச்சியில் இந்த மாடி வீட்டில் இப்போது சத்தம் போடுவது நானும் என் மிக்ஸியும்தான். அதனால் எந்தப் பிள்ளை எந்தத் தாளைக் கொண்டுவந்தாலும் எனக்கு அன்றைக்கு விசேஷ நாள்.

தாளில் ஒரு கடிதம் அச்சாகியிருந்தது. வெளியூரில் வேலை பார்க்கிற அப்பா மகளுக்கு எழுதுகிறார். உன் மதிப்பெண் அறிந்து மகிழ்ச்சி, இங்கே சாப்பாடு பரவாயில்லை, அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள், பொங்கலுக்கு வர முடியுமா தெரியவில்லை. கீழே கேள்வி: எழுதியவரின் மனநிலை என்ன? நான்கு விடைகள் கொடுத்து ஒன்றை டிக் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். இவள் 'மகிழ்ச்சி'யை அடித்திருந்தாள்.

"ஏன் இத அடிச்ச?"

"மொத வரியிலயே மகிழ்ச்சின்னு அவரே போட்டிருக்காரே மிஸ்."

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. இதே டிக்கை நானும் ஒருமுறை அடித்திருக்கிறேன். இவளுக்காவது பன்னிரண்டு வயது. எனக்கு அப்போது இருபத்து மூன்று. அதுவும் தமிழ் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். எழுதியதை மட்டும் படித்தால் போதாது, எழுதாமல் விட்டதையும் படிக்க வேண்டும் என்று உபதேசம் செய்துகொண்டிருந்த டீச்சர்.

அந்தத் தாள் கையில் இருக்கும்போதே இன்லேண்டு லெட்டரின் பசை வாசனை மூக்கில் ஏறியது. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா அந்த நீலக் காகிதம்? நாக்கால் நனைத்து ஒட்டுவோம். கைக்கு வந்ததும் அவசரப்பட்டுப் பிரித்தால் ஓரம் கிழிந்துபோகும். ஆனால் ஓரத்தில்தான் எல்லோரும் முக்கியமான விஷயத்தை நெருக்கி நெருக்கி எழுதியிருப்பார்கள். காகிதத்தில் இடம் தீர்ந்த பிறகுதான் நமக்குச் சொல்ல வேண்டியதே ஞாபகம் வரும். நான் கடிதம் பிரிப்பதற்கென்றே ஒரு சவரப் பிளேடு வைத்திருந்தேன். அந்தப் பிளேடுக்கு மலைமேல் வேறு வேலையே இல்லை.

மலை என்றால் கல்வராயன் மலை. வெள்ளிமலையில் பஸ்ஸோ ஜீப்போ இறக்கிவிட்டால் அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளி. ஊர்ப்பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பு வரைக்கும் இருந்தது. எனக்கு வேலை கிடைத்த செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். எந்த இடம் என்று தெரிந்ததும் அதை அணைக்கப் பார்த்தாள். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று உத்தியோகஸ்தர்களை மிரட்டுவார்கள் அல்லவா? இங்கே தண்ணீர் இருந்தது, காடு இருந்தது, பேச ஆள்தான் இல்லை. ஹெட்மாஸ்டரும் கணக்கு வாத்தியாரும் வெள்ளிக்கிழமை மத்தியானம் கீழே இறங்கினால் திங்கட்கிழமை மத்தியானம்தான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வருவார்கள். சமையல்கார அம்மா ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசுவார். அதில் இரண்டு, "சாப்ட்டியாம்மா, போதுமா." விடுதியை ஒட்டி எனக்கு ஒரு அறை. சனிக்கிழமைகளில் என் குரலே எனக்கு மறந்துவிடும் போலிருக்கும். பாடத்தைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பேன். தயாரிப்பு என்று பெயர். உண்மையில் பேச்சுத் துணை.

பிள்ளைகள் இல்லையா என்பீர்கள். இருந்தார்கள். சுற்றுப்பட்ட மலை ஊர்களிலிருந்து, சாமையும் கேழ்வரகும் விதைக்கிற குடும்பங்களிலிருந்து, அறுபது பேருக்கு மேல். ஆனால் என்னைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஒன்று அதட்டுவார்கள், இல்லையென்றால் மூன்று மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். இரண்டில் நான் எந்த ரகம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் துணைப்பாட நூல் வந்து சேரவில்லை. கதைகள் எல்லாம் அதில்தான் இருக்கும். வரும் வரும் என்று ஆடி மாதம் வரைக்கும் பார்த்தேன். அப்புறம் மளிகைச் சாமான் மடித்து வந்த காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். வெல்லம் மடித்த காகிதத்தில் பாதிக் கதை இருக்கும். மிளகாய் மடித்ததில் ஒரு துணுக்கு இருக்கும், படிப்பதற்குள் தும்மல் வந்துவிடும். முடிவு கிழிந்துபோன கதைகளைப் படித்துக்காட்டி, "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்பேன். பிள்ளைகள் என்னைத் திருப்பிக் கேட்பார்கள். அந்தாள் எந்த ஊரு டீச்சர்? அவங்களுக்கு நெலம் எவ்ளோ? மழை பெஞ்சிதா அந்த வருசம்? கதையில் வருகிறவர்கள் உண்மையான ஆட்கள் இல்லை என்று சொன்னால், அப்புறம் எதுக்கு அவங்களப் பத்திப் பேசிக்கினு இருக்கணும் என்பது போல் பார்ப்பார்கள். நியாயமான பார்வைதான்.

சரி, உண்மையான ஆள்தான் வேண்டும் என்றால் என்னிடம் ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் அஞ்சலாட்சி.

ஆசிரியர் பயிற்சி விடுதியில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். உளுந்தூர்பேட்டைப் பக்கம் அவள் ஊர். களமருதூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மைல். இரண்டு மைல்தான் என்று விடுதியில் குதித்தோம். நான் ஊர்த் தெரு, அவள் காலனி. விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டோம். லீவு விட்டதும் கதை மாறிவிடும். அவள் வீட்டுக்கு நான் இரண்டு முறை போய், அவள் அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு அவள் வந்தது மாட்டுக்கொட்டகை வரைக்கும். அங்கேயே நின்று பேசிவிட்டுப் போய்விட்டாள். "உள்ள வாடி" என்று நான் கூப்பிடவில்லை. அதை அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்கு முதலில் வேலை கிடைத்தது. அவள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, ஊர் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். வாரம் ஒரு கடிதம் எழுதுவாள். அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் வாரத்தை ஓட்டினேன். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவள் இல்லையென்றால் மூன்றாம் மாதமே நானும் மாற்றல் கேட்டு மனு எழுதியிருப்பேன்.

ஆறும் ஏழும் ஒன்றாக உட்காரும் வகுப்பில், அவள் கடிதங்களில் ஒன்றைப் பெயரை எடுத்துவிட்டுப் போர்டில் எழுதினேன். கீழே மூன்று கேள்வி. யார் சொல்கிறார்கள்? யாரிடம் சொல்கிறார்கள்? எதைச் சொல்லாமல் விட்டார்கள்?

ஹெட்மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "எழுதியிருக்கறத எழுதுனாவே பாஸ்தாம்மா. எழுதாததுக்கு யாரு மார்க் போடுவா?" என்றார். நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் நல்ல மனிதர்.

ஆனால் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். முதல் கடிதத்தில் அஞ்சலாட்சி, "மாமா வந்தார், காபி குடித்தார், அம்மாவோடு பேசிவிட்டுப் போனார், எனக்குத் தலைவலி" என்று எழுதியிருந்தாள். நான் தலைவலியைத் தலைவலி என்றுதான் படித்திருந்தேன். கடைசி வரிசையில் ராமாயி எழுந்தாள். ஏழாம் வகுப்பு, மற்றவர்களைவிட இரண்டு வயது மூத்தவள். சாமை அறுப்புக்காக ஒரு வருஷம் நின்றுவிட்டு மறுபடி வந்து சேர்ந்தவள். "மாப்பிள்ள கேட்டு வந்துகிறாரு டீச்சர். இவங்களுக்குப் புடிக்கல. அதான் தலவலின்னு போய்ப் படுத்துக்கினாங்க" என்றாள். இதை அப்படியே எழுதி அஞ்சலாட்சிக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் பதில் வந்தது. "உன் பிள்ளைங்க என்னை வெச்சிப் பரீட்சை எழுதுதுங்களா? அந்தக் கடைசி பெஞ்சுக்காரிக்கு நூத்துக்கு நூறு போடுடி."

அப்புறம் அது தொடர்கதை ஆகிவிட்டது. பிள்ளைகள் அவளுக்கு லெட்டர்காரம்மா என்று பெயர் வைத்தார்கள். புதன்கிழமை தபால் வந்தால் வியாழக்கிழமை எனக்குப் பாடம் தயாரிக்க வேண்டியதே இல்லை. லெட்டர்காரம்மாவின் வெள்ளாடு சினையாகியிருக்கிறது என்று ஒரு கடிதத்தில் வந்தபோது வகுப்பே எழுந்து நின்றது. எந்த மாதம் ஈனும் என்று விரல் விட்டு எண்ணினார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். அவளிடம் அதையும் எழுதினேன். என் தனிமையில் பாதியை அவள்தான் தீர்த்துவைத்தாள் என்றும் எழுதினேன். அதற்கு அவள், "மீதி பாதிக்கு ஒரு ஆடு வாங்கு" என்று எழுதினாள்.

அந்தப் புரட்டாசியில்தான் சாலை மறியல் வந்தது. இட ஒதுக்கீட்டில் எங்களுக்குத் தனியாகப் பங்கு வேண்டும் என்று எங்கள் ஆட்கள் இறங்கிய போராட்டம். கேட்டது தப்பு என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. எங்கள் தெருவிலேயே படித்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான். அதற்கு என்ன பாடு என்று எனக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கும் மேலாக மலைக்குப் பஸ் இல்லை, தபால் இல்லை. கீழே போன ஹெட்மாஸ்டரும் கணக்கு வாத்தியாரும் கீழேயே மாட்டிக்கொண்டார்கள். மேலே நானும் சமையல்கார அம்மாவும் அறுபது பிள்ளைகளும். அரிசி தீர்ந்து கேழ்வரகுக் களி கிண்டினோம். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. எப்படியோ ஏறி வந்த ஒரு ஜீப்காரர், ரோடு முழுக்க மரம் வெட்டிப் போட்டிருக்கிறது, போலீஸ் சுட்டதில் ஆட்கள் போய்விட்டார்கள் என்று சொன்னார். என் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. மறியலில் முதல் வரிசையில் நிற்கிற சுபாவம். அந்த வாரம் முழுக்க அவனை நினைத்தே பயந்தேன். வேறு யாரையும் நினைத்துப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பஸ் விட்டதும் முதல் தபாலில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று அம்மா யாரையோ விட்டு எழுதச் சொன்னது. தம்பிக்குத் தடியடியில் கை வீங்கியிருக்கிறது, உயிருக்கு ஒன்றும் இல்லை. இன்னொன்று அஞ்சலாட்சியுடையது. பிளேடால் பிரித்து, நின்றபடியே படித்தேன். நலம், நலமறிய ஆவல். இங்கே எல்லோரும் சுகம். பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. உன் அம்மா நன்றாக இருக்கிறார்களாம், கவலைப்படாதே. நாங்கள் வீட்டுக் கூரையை மாற்றிக்கொண்டிருக்கிறோம், அதனால் அம்மாவும் நானும் பெரியம்மா ஊரில் இருக்கிறோம். ஆட்டைக் கொடுத்துவிட்டோம். தீபாவளிக்கு வரும்போது என்னைப் பார்க்க வராதே, வேலை அதிகம். உன் பிள்ளைகளுக்கு என் அன்பு.

எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! எல்லோரும் சுகம் என்று அவளே எழுதிவிட்டாள். கூரைகூடப் புதுசாக மாற்றுகிறார்கள், வசதி வருகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

வியாழக்கிழமை அதைப் போர்டில் எழுதினேன். பத்து நாளாகக் கடிதம் இல்லாமல் ஏங்கிப்போயிருந்த பிள்ளைகள், நான் எழுத எழுதவே எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். மூன்று கேள்வியையும் எழுதி, நோட்டில் விடை எழுதச் சொன்னேன். எல்லோரும் போர்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அப்படி இருக்காது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் முதலில் வாயைத் திறந்தான். "செனையாட்ட யாராவது குடுப்பாங்களா டீச்சர்?"

"ஏதாவது செலவு வந்திருக்கும்" என்றேன்.

ராமாயி எழுந்து நின்றாள். "டீச்சர், கூரைய மாசி பங்குனியிலதான மேய்வாங்க. அப்பதான் புல்லு காஞ்சி கெடைக்கும். மழ பெய்யற புரட்டாசியில யாரு டீச்சர் கூரையப் பிரிப்பாங்க?"

"கீழ வேற மாதிரி. அங்க புல்லு இல்ல, கரும்புச் சோகை."

"அதுக்கும் மழ மழதான டீச்சர்." அவள் போர்டைத் திரும்பிப் பார்த்தாள். "போன வருசம் எங்க சித்தப்பன் வூடு அடுப்பு நெருப்புல எரிஞ்சி போச்சி. அவங்கதான் மழையில கூரை போட்டாங்க. போடற வரைக்கும் எங்க வூட்ல இருந்தாங்க. இவங்க பெரியம்மா வூட்ல இருக்கறாப்பல."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது கேள்விக்கு நேராக ஒரே வரிதான் எழுதியிருந்தாள். இவங்க வீடு எரிஞ்சி போச்சி.

எனக்குக் கோபம் வந்தது. எதன் மேல் என்று அப்போது தெரியவில்லை. "இருக்கறதப் படிக்கச் சொன்னா இல்லாததையெல்லாம் கற்பனை பண்ணிக்கினு. உக்காரு" என்று அதட்டினேன். ஹெட்மாஸ்டர் பேசுவதை விட மோசமாகப் பேசினேன். சிவப்பு மையால் அந்த வரியின் குறுக்கே ஒரு பெருக்கல் குறி போட்டேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்தவள் போல.

மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் கடிதத்தை மறுபடி எடுத்தேன். போர்டில் நான் எழுதாமல் விட்ட வரி ஒன்று இருந்தது. ஓரத்தில், மடிப்பில், பொடி எழுத்தில். பாடத்துக்கு ஆகாது, ஆபீஸ் விஷயம் என்று விட்டுவிட்டேன். "பயிற்சிச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் தொலைந்துபோனால் நகல் வாங்க யாருக்கு எழுத வேண்டும்? தெரிந்த பெண் ஒருத்தி கேட்கிறாள். உடனே எழுது."

தெரிந்த பெண் ஒருத்தி.

எங்கள் செட்டில் பயிற்சி முடித்து வேலைக்காகக் காத்திருந்தவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். அவள் ஊரில் அந்தப் படிப்புப் படித்தது அவள் ஒருத்திதான். அவள் சான்றிதழ்களைத் தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பரணில் வைத்திருந்தாள். அந்தக் கூரைக்கு நேர் கீழே. நான் பார்த்திருக்கிறேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். தம்பி கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனான். அம்மா அடுப்படியில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அஞ்சலாட்சி வூடு இருக்குதாம்மா?"

அம்மா கரண்டியை எடுத்துப் பாகு பதம் பார்த்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "உன் தம்பி அன்னிக்கு வூட்லதான் படுத்துக்கினு இருந்தான்."

தம்பியைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

நான்கு நாள் ஊரில் இருந்தேன். மறியல் வாரத்தில் காலனிக்கு யார் வைத்த நெருப்பு, எங்கள் தெருவிலிருந்து யார் யார் போனார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கவில்லை. இரண்டு மைல் நடக்கவும் இல்லை. காலையில் புடவை மாற்றுவேன், தெருமுனை வரைக்கும் போவேன், யாராவது "எங்கம்மா கெளம்பிட்ட?" என்றால் கடைக்கு என்பேன். நான்கு நாளில் நான்கு முறை எதற்கும் உதவாத சாமான் வாங்கிவந்தேன். ஐந்தாம் நாள் கள்ளக்குறிச்சி வந்து பஸ் மாறி மலை ஏறிவிட்டேன்.

ஹெட்மாஸ்டரிடம் நகல் வாங்கும் முறையை விசாரித்தேன். தாசில்தார் கையெழுத்து வேண்டும், போலீஸ் ஸ்டேஷனில் எப்படிப் போனது என்று எழுதிக்கொடுத்து ஒரு சான்று வாங்க வேண்டும் என்றார். அதை அப்படியே அழகான கையெழுத்தில் எழுதினேன். "உனக்குத் தெரிந்த அந்தப் பெண்ணிடம் சொல்" என்று ஆரம்பித்து, "கூரை வேலை நல்லபடியாக முடியட்டும்" என்று முடித்தேன். நடுவில் ஆட்டைப் பற்றிக்கூட விசாரித்திருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது, நான் வருகிறேன், நானும் உன்கூட ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று மூன்று வரி எழுதியிருந்தால் போதும். எழுதினால் ஸ்டேஷனில் அவள் யார் பெயரைச் சொல்வாள் என்கிற பயம் பேனாவைப் பிடித்துக்கொண்டது. தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி எழுதியிருக்கிறேன் என்று அவளுக்கு முதல் வரியிலேயே புரிந்திருக்கும். எங்கள் இரண்டு பேரில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் அவள்தான்.

அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. நானும் மறுபடி எழுதவில்லை.

வியாழக்கிழமைகளில் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். மார்கழிவாக்கில் ராமாயிதான் கேட்டாள். "டீச்சர், லெட்டர்காரம்மா கூரை போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்க. கல்யாணம் ஆயி வெளியூர் போயிட்டாங்க. இனிமே லெட்டர் வராது."

"சரிங்க டீச்சர்" என்றாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்டதில்லை. பாடத்திலும் கேட்டதில்லை. நானும் மூன்றாவது கேள்வியைப் போர்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். துணைப்பாட நூல் ஒருவழியாக வந்து சேர்ந்தது. கதையைப் படித்து, கடைசியில் இருக்கும் வினாக்களுக்கு விடை எழுதவைத்தேன். எல்லோரும் பாஸ். ஹெட்மாஸ்டருக்குப் பரம திருப்தி. ராமாயி எட்டாம் வகுப்புப் பாதியில் நின்றுவிட்டாள். அவள் நோட்டில் நான் போட்ட சிவப்புக் குறியை அடித்துச் சரி போட ஒரு வருஷம் முழுக்க எனக்கு நேரம் இருந்தது. போடவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தேன். பயிற்சி முகாம், தேர்தல் வேலை, விடைத்தாள் திருத்தும் மையம் என்று எங்கே வருகைப் பதிவேடு கைக்கு வந்தாலும் முதலில் 'அ'வில் தொடங்கும் பெயர்களைத்தான் பார்ப்பேன். ஒன்றிலும் அவள் பெயர் இருந்ததில்லை. நகல் கிடைத்ததா, வேலை கிடைத்ததா, இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. கண்டுபிடிப்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு பஸ் ஏறினால் போதும்.

ஓய்வு பெற்ற வருஷம் ஏறினேன். அவள் ஊர் நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்த வயலில் கல் நட்டுப் பிளாட் போட்டிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்து பேசிய மதகு இல்லை. காலனியில் ஓலையும் இல்லை, சோகையும் இல்லை, வரிசையாக ஒரே மாதிரி காங்கிரீட் வீடுகள். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட வீடு எந்த இடத்தில் இருந்தது என்று என்னால் குத்துமதிப்பாகக்கூடச் சொல்ல முடியவில்லை. குழாயடியில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "யாரப் பாக்கணும்மா?" என்று கேட்டாள்.

அஞ்சலாட்சி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எந்த ஊர், யார் வீடு, நீங்கள் அவளுக்கு என்ன வேண்டும் என்று அடுத்ததாகக் கேட்பாளே! "யாரையும் இல்லம்மா. வழி தவறிட்டேன். பஸ் எங்க நிக்கும்?" என்றேன்.

"வெயில்ல இவ்ளோ தூரம் வந்துட்டீங்களே. வாங்க" என்று குடத்தை அங்கேயே விட்டுவிட்டு என்னோடு ரோடு வரைக்கும் நடந்து வந்தாள். பஸ் வருகிறவரைக்கும் கூடவே நின்றாள். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் வந்து, "பாத்துப் போங்கம்மா" என்றாள்.

நீ யார் வீட்டுப் பெண் என்று அவளிடம் நான் கேட்கவில்லை.